மாமரத்தடி மஞ்சள்

மாமர நிழலில், பிற செடிகள் சோர்ந்துபோன இடத்தில், மஞ்சள் கரிசலாங்கண்ணி வளர்க்க நாங்கள் எண்ணியது அம்மாவுக்காகத்தான். எங்கள் இளமையில் வரப்போரம் பறித்துவந்து பருப்போடு கடைந்து தந்த கீரை அது. நாற்றுப்பண்ணை ஒன்றில் அப்பெயர் சொல்லியே ஒரு கொடியைத் தந்தார்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒரே மழைக்காலத்தில் தரையை மூடிற்று. ஒரு பிடி பறித்துப் பெருமிதத்துடன் நீட்டினோம். பார்வை மங்கிய அம்மா இலையை விரலால் நீவினார்.

“இது அது இல்லப்பா. அதோட இலை இப்படிப் பிளந்திருக்காது, வழுவழுன்னும் இருக்காது.”

கல்லூரித் தாவரவியல் நண்பரும் அதையே சொன்னார். மூன்றாய்ப் பிளந்த இலையுடைய அக்கொடி வெப்பமண்டல அமெரிக்காவினது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் கற்பிக்கும் நாங்கள் பெயரை நம்பி இலையைப் பார்க்கத் தவறினோம்! பிடுங்கி முடிக்க மூன்று வாரமாயிற்று. ஒரு கணு தங்கினாலும் மீண்டும் தழைத்துவிடும்.

உண்மைச் செடியை வாய்க்கால் கரையில் அம்மாவின் விரல்களே கண்டுபிடித்தன. ஒடுங்கி நீண்ட, சொரசொரப்பான இலை. கணுக்கள் மண்ணுள் புதையுமாறு தண்டுகளை நட்டோம். வெண்பூக் கரிசாலை பெரும்பாலும் ஓராண்டுச் செடி; இதுவோ பல்லாண்டு நிற்பது. நிழலைப் பொறுக்கும், ஈரமின்மையைப் பொறுக்காது. பூ மட்டும் சற்றுக் குறைவு.

முதல் பறிப்பை அம்மாவின் மடியில் இட்டோம். நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“பருப்பு வெந்துடுச்சா?” என்றார்.