பாறசாலையும் நெய்யாற்றின்கரையும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் இருப்புப்பாதையில் குழித்துறையைத் தாண்டிய வண்டி பாறசாலையை அடைகின்றது. கேரளத்தின் தென்கோடி நிலையம் இதுவே. சாலை வழியே தெற்கே சென்றால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. எல்லையின் இருபுறமும் அதே தென்னை, அதே மரவள்ளி. வடமேற்கே அமரவிளையில் ஆற்றைக் கடந்தால் நெய்யாற்றின்கரை. மார்த்தாண்டவர்மர் ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் பட்டுப்போன பலாமரத்தைக் காணவே பலரும் இங்கு வருகின்றனர். நாமும் கண்டோம். ஆயினும் நம் உள்ளத்தை ஈர்த்தது வேறொரு செய்தி.

இவ்வூர் மக்கள் தம் நாட்டுக்கோர் அரசியலமைப்பு எழுதுவதற்கென்றே வாக்களித்தவர்கள். திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று 1947 ஜூனில் திவான் சி. பி. ராமஸ்வாமி அய்யர் அறிவித்தார். ஜூலை முடியுமுன் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. மக்களாட்சி வழங்க மன்னர் இசைந்தார். 1948-இல் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து 120 பேர் கொண்ட பிரதிநிதி சபையைத் தேர்ந்தெடுத்தனர். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு அதில் 14 இடங்கள் கிடைத்தன. சபையும் கூடிற்று. ஆனால் 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூர் கொச்சியுடன் இணைந்தது. வீடு கட்டக் கொத்தர்கள் வந்து நிற்க, மனையே அடுத்த மனையோடு சேர்ந்துவிட்டது!

எழுதி முடிந்த சட்டம் டில்லியில் உருவாயிற்று. 1946 டிசம்பர் 9-இல் கூடிய அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்கள் மக்கள் நேரே வாக்களித்து அனுப்பியவர்கள் அல்லர். திருவிதாங்கூரிலிருந்து சென்றவர்களுள் பட்டம் தாணு பிள்ளை, அன்னி மஸ்கரின் அம்மையார், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் திருமகனார் பி. எஸ். நடராஜ பிள்ளை ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1949 நவம்பர் 26-இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது.

அதன் மூன்றாம் பிரிவே இவ்வெல்லையின் தாய். மாநில எல்லையைச் சாதாரணச் சட்டத்தாலேயே நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு வேண்டுவதில்லை. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். அப்போது முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. நடராஜ பிள்ளை அவருடைய அமைச்சரவையில் இருந்தார். டில்லியில் உரிமைகளை எழுதிய சபையில் இருவரும் அமர்ந்திருந்தவர்களே என்பதை நினைக்க நெஞ்சு கனக்கின்றது.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழர் மாநிலம் சேர்ந்தன, செங்கோட்டையும் வந்தது. கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரையோ கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயராமலே வேற்று மாநிலத்தில் சிறுபான்மையாயின. பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம் போன்றோர்க்கு அவர்கள் நிலை எளிதில் விளங்கும்.

எல்லை மாறிய அந்நாளிலேயே ஏழாவது திருத்தத்தால் 350-அ என்ற பிரிவும் நடைமுறைக்கு வந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. ‘முயல வேண்டும்’ என்ற சொல் நமக்கு நிறைவளிக்கவில்லை. ‘செய்ய வேண்டும்’ என்றிருக்கலாம். அடுத்த 350-ஆ பிரிவு, இக்காப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரத் தனி அதிகாரி ஒருவரை ஏற்படுத்துகின்றது. தமிழ் வகுப்பு வேண்டி விண்ணப்பிக்கும் பெற்றோர் இவ்விரு பிரிவுகளின் எண்களையும் மனுவில் தவறாது குறிப்பிடுக.