விரிசல்களை அடைத்தவன்

மின்னி பே வீட்டில் அப்பாவின் மிருதங்கம் இருக்கிறது. அதன் வலந்தலை பதினேழு ஆண்டுகளாகப் பேசவில்லை. வாயடைத்தவன் நான்.

அப்போது எனக்கு வயது பதினொன்று. வலந்தலையின் நடுவிலுள்ள கரிய வட்டமாகிய கரணை முழுவதும் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடியிருந்தன. கடற்காற்றில் கெட்டுவிட்டது என்றெண்ணி, நாற்காலிக்காக வாங்கி வைத்திருந்த வார்னிஷை அதன்மேல் இருமுறை பூசினேன். கண்ணாடிபோல் மின்னியது. மாலையில் அப்பா சாபு வாசித்துப் பார்த்தார். பலகையைத் தட்டிய ஓசை வந்தது. ஒன்றும் சொல்லாமல் உறையிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டார்.

முதுகலை மொழியியலில், ஒலியியல் வகுப்பில்தான் அந்த வார்னிஷ் மீண்டும் நினைவுக்கு வந்தது. தொண்டை முதல் உதடு வரை ஒரே அகலமுள்ள குழாயாக இருந்தால் நம் வாயில் ஒரே ஓர் உயிரொலிதான் பிறக்கும். நாக்கு எங்கோ ஓரிடத்தில் குறுக்கிச் சீர்மையைக் குலைப்பதால்தான் இகரமும் உகரமும் பிரிகின்றன.

தோலும் அவ்வாறே. சீரான வட்டத்தோலைத் தட்டினால் எழும் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று இசையா விகிதத்தில் அமையும். சுருதி தெளிவாக நில்லாது. நடுவில் கரணையின் எடை ஏறியதும் அவை முழு எண் விகிதங்களை நெருங்குகின்றன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1920இல் சிவகாளி குமாருடன் இதனை ‘நேச்சர்’ இதழில் எழுதினார், 1934இல் விரித்தெழுதினார்.

ஆயினும் எடை மட்டும் போதாது. அதே கரணை விரிசலற்ற கெட்டித் தகடாக இருந்தால் தோலை வளையவிடாது. சோற்றோடு பிசைந்த கருந்தூளை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து, அதனை எண்ணற்ற துணுக்குகளாக விரியச் செய்கிறார்கள். எடை நிற்கிறது, விறைப்பு போகிறது. எந்த வரிசைக்கும் உட்படாத அந்த விரிசல்களைத்தான் நான் ஒட்டவைத்திருக்கிறேன்! இராமனின் பெயரைப் பள்ளியிலேயே அறிந்த எனக்கு, இவ்வேலையைச் செய்யும் குடும்பங்களின் பெயர்கள் டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) நூல் வழியாகத்தான் தெரியவந்தன. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒழுங்கின்மை எங்கும் அதிர்வுக்கு உதவும் என்றும் கொள்ளவேண்டா. அது மிகுந்தால் அலை பரவாது ஓரிடத்திலேயே சிறைப்படலாம் என்ற கருத்தை 1958இல் பிலிப் ஆண்டர்சன் எலெக்ட்ரான்களுக்காக முன்வைத்தார். அலுமினிய மணிகளைத் தாறுமாறாக அடுக்கிப் பற்றவைத்த ஒரு திண்மத்தில் மீயொலி அவ்வாறே சிறைப்பட்டதை 2008இல் ஓர் ஆய்வுக்குழு அளந்து காட்டியது. இரைச்சலைத் தடுக்க விரும்பும் பொறியாளருக்கு அது வரம். கரணையில் நடப்பது வேறு. அங்கே விரிசல் தோலுக்கு வழிவிடுகிறது.

சென்ற வாரம் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன், பூசியது நான்தான் என்பதையும் சேர்த்து.

“தெரியும்டா. நாற்காலிக்குக்கூட அவ்வளவு அக்கறையா யாரும் பூசமாட்டாங்க. திட்ட மனசு வரல.”

கரணையிட எங்களுக்குத் தெரிந்து இங்கே ஆளில்லை. மிருதங்கத்தைச் சாக்கில் சுற்றியிருக்கிறேன். அடுத்த கப்பலில் சென்னைக்குப் போகிறது. உறைக்குள் ஒரு தாளும் வைத்திருக்கிறேன்: ‘ஐயா, மேலே இருப்பது வார்னிஷ். தோலையே மாற்ற வேண்டியிருக்கலாம்.’