முன்பாரமும் பின்பாரமும்

கல்லிடைக்குறிச்சி என்றதும் வெளியூர் நண்பர்கள் அப்பளத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கோ ஆடி மாதம் பிறந்துவிட்டால் மூட்டை கட்டுவதைத் தவிர வேறு நினைவே இராது. பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றுக் காட்டுக்குள் இருக்கிறது சொரிமுத்து ஐயனார் கோவில். ஆடி அமாவாசையை ஒட்டி அங்கே ஆற்றோரம் குடில் போட்டுக் குடும்பத்தோடு தங்குவது வழிவழியாக வந்த வழக்கம். 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆகிவிட்ட காடு அது. ஆகவே இப்போது வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் மட்டுமே தங்க முடியும்.

என் தாத்தாவின் காலத்தில் கூண்டு வண்டிதான். போகும்போது அது வாகனம். போன இடத்தில் அதுவே வீடு. பெண்டு பிள்ளைகள் கூண்டுக்குள்ளே, ஆண்கள் வண்டிக்கடியில் சாக்கு விரித்து. மாட்டை அவிழ்க்குமுன் சக்கரத்தின் இருபுறமும் கல் கொடுக்க வேண்டும். நுகத்தடிப் பக்கம் ஒரு முட்டுக்கட்டை, பின்பக்கம் ஒரு முட்டுக்கட்டை. அதன் பிறகுதான் ஆள் ஏறலாம். "பின்னால முட்டுக் குடுக்காம ஏறுனா வண்டி மல்லாந்துரும்லே" என்பார் தாத்தா.

பாரம் ஏற்றுவதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்னால் மிகுந்தால் கழுத்துப் புண்ணாகும். ஆகவே முன்பாரம் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேட்டில் ஏறும்போது பாரம் தானாகவே பின்னே சாயும். அப்போது ஓர் ஆள் முன்னே நகர்ந்து உட்காருவாராம். நமது பாடப் புத்தகம் திருப்புத்திறன் என்று சொல்லுவதும் இதைத்தான். பள்ளிக்கூடம் போகாத அவர் அதை மாட்டின் மூச்சிலிருந்து கற்றிருக்கிறார்.

இனி என் கதை. 2024 ஆகஸ்டு 4-ஆம் நாள் ஆடி அமாவாசை. நான் கல்லூரியில் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்பதால் என் சொல்லுக்கு அளவுக்கு மீறிய மரியாதை. சாமான்களை மாமாவின் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினோம். (ஆட்கள் பேருந்தில்தான். டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம்.) குடில் போடும் வேலையெல்லாம் தாத்தா சொற்படியே நடந்தது. கரைப் பாறைகளில் சருகும் சுள்ளியும் ஒதுங்கிக் கிடந்த கோட்டைக் காட்டி, அதற்கு மேலேதான் கம்பு ஊன்ற வேண்டும் என்றார். ஆடியில் மலையில் பெய்யும் மழை கீழே இருப்பவனிடம் சொல்லிக்கொண்டா வருகிறது! அடுப்பு குடிலுக்கு வெளியே, காற்றுக்கு எதிர்ப்புறம். கிளம்பும்போது சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, கையை வைத்துப் பார்த்த பின்பே நகர்ந்தார்.

ஆனால் சாமான் ஏற்றியதில் அவசரம். கட்டில், பாய் முதலிய இலேசானவை முன்னே போய்விட்டன. அண்டா, அரிசி மூட்டை, நனைந்த தார்ப்பாய் எல்லாம் கடைசியில் வந்தன, பின்னாலேயே தங்கிவிட்டன. ஊர் வந்ததும் மாமாவுக்கு வேறு நடை இருந்தது. டிரெய்லரைத் தெருவில் கழற்றிவிட்டு, முன்பக்கத் தாங்குகாலை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"பின்னால இருக்கத மொதல்ல எறக்குங்கலே" என்றார் தாத்தா. முன்பக்கம்தான் வீட்டு வாசலுக்கு அருகில் இருந்தது. "தாங்குகால் இருக்கே தாத்தா, எப்படிச் சாயும்?" என்றேன் நான். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சித்தப்பா மகன் மேலே ஏறி, முன்னால் நின்றுகொண்டு கட்டிலையும் பாயையும் எடுத்துக் கொடுத்தான். நான் இழுவைச் சட்டத்தின் மேல் குனிந்து வாங்கினேன். தாங்குகால் சட்டம் கீழே விழாமல் தாங்குமே தவிர, மேலே எழும்புவதை எப்படித் தடுக்கும்? அதுவரை அதை அழுத்திக்கொண்டிருந்தது தம்பியின் எடைதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கடைசிப் பாயைக் கொடுத்துவிட்டு அவன் கீழே குதித்தான்.

யாரோ என்னைப் பிடித்துத் தள்ளியது தெரிந்தது. எழுந்து பார்த்தபோது டிரெய்லர் பின்பக்கம் தரையில் குந்தியிருந்தது. சட்டம் வானத்தைப் பார்த்திருந்தது. தாத்தா வலது தோளைப் பிடித்துக்கொண்டு திண்ணையோரம் உட்கார்ந்திருந்தார். காறை எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அந்த ஆண்டுத் தேர்வில் திருப்புத்திறன் கணக்குக்கு முழு மதிப்பெண் பெற்றேன், வீட்டில் சொல்லவில்லை.

2025 ஜூலையில் மறுபடி போய் வந்தோம். தாத்தாவின் வலக்கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பாது. இம்முறை கனமான சாமான்களை அச்சுக்கு மேலும் சற்று முன்னுமாக நானே ஏற்றினேன். ஊர் திரும்பியதும் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கச் சட்டத்தின் கீழ் கட்டை அடுக்கினேன். தாத்தா திண்ணையிலிருந்து இறங்கி வந்து, கட்டையைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இன்னொன்னு வையி" என்றார்.

வைத்தேன்.