புவியின் வரவு செலவு

மதுரை மாநகரின் மேற்குப் பகுதியில் காளவாசல் என்னும் இடம் உள்ளது. காளவாசல் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளைக்குரிய பெயர். இன்று அங்கே காணப்படுவது ஊர்திகள் ஓயாது செல்லும் நாற்சந்தியே. எனினும், அப்பெயர் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. செங்கற் சூளையினுள் மண்ணும் விறகும் புகும். கல்லும் சாம்பலும் வெளிவரும். வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல்லாண்டுகள் வேண்டும். சுட்ட கல்லோ பயிர் விளைக்கும் மண்ணாக மீள்வதில்லை. வீடு கட்டுவோன் கல்லின் விலையை எண்ணுவான். நிலம் இழந்த மண்ணை எண்ணுவானல்லன்.

அதனையும் எண்ணுதல் வேண்டும் என்று உரைத்தவருள் ஒருவர் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. காந்தியடிகளின் நெறியில் நின்ற அவர், தம் இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில் தங்கித் தொண்டாற்றினார். நிலைத்த பொருளாதாரம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1945ஆம் ஆண்டினது. நிலக்கரியும் மண்ணெண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு; ஆற்றின் ஓட்டமும் காட்டின் வளர்ச்சியும், பெருகிவரும் அளவே கொள்ளின், குன்றாத செல்வம் என்பது அவர் கொள்கை. பூவில் தேன் கொள்ளும் வண்டு, அப்பூ காய்ப்பதற்கும் துணைசெய்வதை அவர் எடுத்துக்காட்டினார்.

அக்கருத்துக்கு இயைந்ததோர் அளவுகோலை 1990களில் கனடா நாட்டிலிருந்து வில்லியம் ரீசும் மாத்திசு வாக்கர்நாகலும் வகுத்தனர். உணவு, உடை, மரம், மீன், குடியிருப்பு ஆகியவற்றிற்கும், எரிபொருட் புகையின் கரியமில வாயுவை உள்வாங்கும் காட்டிற்கும் எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் தேவை என்று அவர்கள் கணக்கிட்டனர். இம்முறைப்படி, 2025ஆம் ஆண்டிற்குப் புவி அளிக்கவல்ல வளம் முழுவதும் சூலை 24ஆம் நாளுக்குள் செலவாயிற்று. எஞ்சிய நாள்களில் மாந்தர் உண்டது விதைநெல்லையே எனலாம்.

இச்செலவு எல்லார்க்கும் ஒத்ததன்று. உலகத்தார் அனைவரும் அமெரிக்க மக்களைப் போல வாழின், ஏறத்தாழ ஐந்து புவிகள் வேண்டும். இந்தியர் ஒருவரின் சராசரிச் செலவு உலகச் சராசரியில் ஏறக்குறையப் பாதியே. ஆயினும், மக்கள் மிகுந்த இந்நாட்டில், அச்செலவும் நாட்டின் வளம் ஈடுசெய்யும் அளவினும் இருமடங்கிற்கு மேற்பட்டது. ஆதலின், குறைவாக நுகர்வோரும் கணக்கறிந்து வாழ்தல் கடன்.

விதைநெல்லைக் குத்தி உண்ணும் உழவன் அன்று பசித்திரான். அவன் மக்களே மறு ஆண்டு பசித்திருப்பர்.