முன்னவர் விட்டுச்சென்ற புகை

நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையே குறித்தது. பூவின் நாற்றத்தைப் புலவர் பாடியபோது எவரும் மூக்கைப் பொத்தவில்லை. காலப்போக்கில் அச்சொல் பொருள் இழிந்து, இன்று தீயமணம் ஒன்றுக்கே உரியதாயிற்று. இழிபொருட்பேற்றுக்கு எடுத்துக்காட்டாக மொழியியல் வகுப்புகளில் இதனைக் கூறுவது வழக்கம். சொல்லுக்கு நேர்ந்தது மணத்துக்கும் நேர்வதுண்டு. ஓரிடத்தில் உழைப்பின் மணமாக இருப்பது இன்னோரிடத்தில் மூச்சை அடைக்கும் நாற்றமாகிறது. பேராதனையில் வாடகை அறையொன்றில் குடியேறிய சகோதரர் இருவர் இதனைத் தம் அநுபவத்திலே கண்டனர்.

மூத்தவன் கலைப்பீடத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன். இளையவன் அவ்வாண்டுதான் விஞ்ஞானபீடத்துக்குத் தெரிவாகி வந்தவன். அவனுக்குச் சிறுவயது முதலே தொய்வு. “அவனை விடுதியிலை தனிய விடாதை, உன்னோடையே வைச்சிரு” என்று தாய் சொல்லியனுப்பியிருந்தாள். ஆகவே மலைச்சரிவில், ஒரு வீட்டின் பின்புறமாக அமைந்த அறையை மூத்தவன் தேடிப் பிடித்தான். அறையைப் பார்க்கச் சென்ற நாள் நல்ல வெயில். யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சாம்பிராணி மணம் கமழ்ந்தது. வாடகையும் கைக்கு அடக்கமாக இருந்தமையால் மூன்று மாத முற்பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டான்.

குடிபுகுந்த மூன்றாம் நாள் மழை தொடங்கிற்று. பேராதனை மழை வந்தால் எளிதில் விடுவதில்லை. யன்னல்களைச் சாத்தினார்கள். அப்போதுதான் அந்த மணம் வெளிப்பட்டது. புதிதாக எரியும் புகையின் மணம் அன்று அது. நனைந்த சாம்பலும், வெயில் காணாத பழந்துணியும், கைத்த எண்ணெயும் ஒன்றாய்க் கலந்தாற்போன்ற மணம். சுவரில், திரையில், தலையணையில், அலுமாரியின் உட்பலகையில் எல்லாம் அது இருந்தது. முன்னர் அங்கே மூன்றாண்டுகள் குடியிருந்தவர் இரவு நெடுநேரம் விழித்திருந்து, குளிருக்காக யன்னலைச் சாத்திவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரட் புகைப்பவராம். பின்னர்தான் அயலவர் இதனைச் சொன்னார்கள்.

வீட்டுக்கார அம்மையார் வயதான சிங்களப் பெண்மணி, அன்பானவர். அறைக்குள் வந்து நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். தமக்கு ஒன்றும் மணக்கவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரே மணத்தில் தொடர்ந்து உறையும் மூக்கு அதனை அறியும் ஆற்றலை விரைவில் இழந்துவிடுகிறது. கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணப்பதில்லை.

மூத்தவனும் முதலில் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. “இதென்ன, எங்கடை வீட்டிலை இல்லாத புகையிலை மணமே?” என்றான். இளையவன் மறுமொழி சொல்லவில்லை.

மூத்தவன் அவ்வாறு கூறியதற்குக் காரணம் இருந்தது. அவர்களின் தந்தையார் யாழ்ப்பாணக் குடாநாட்டில் புகையிலை செய்பவர். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாகக் கீழைத்தேயங்களுக்கு வந்த பயிர் அது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையிற் பெயர்பெற்றிருந்தது. குடாநாட்டின் எத்தனையோ கல்வீடுகளும், கிணறுகளும், படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளும் அந்த இலையின் வருவாயிலே தோன்றியவை. அதிகாலையில் இறைப்பு, பக்கக் குருத்துக் கிள்ளுதல், வெட்டிய இலையை வாடவிடுதல், குடிலிலே தூக்கிப் பொச்சுமட்டைப் புகையூட்டுதல், பாடம் போடுதல் என்று அந்த வேலைகளுக்கு நடுவே மூத்தவன் வளர்ந்தான். பாடம் போட்ட இலையின் மணம் அவனுக்குத் தந்தையின் தோளின் மணம். பள்ளிக் கட்டணத்தின் மணம். புகைக்கு உதவும் இலையென அதன் பயனையே பெயராக்கிய தமிழ்ச் சொல்லைக்கூட அவன் பெருமையோடு எடுத்துக் கூறுவதுண்டு.

குடியேறிய இரண்டாம் வாரம், ஓரிரவு, இளையவனுக்கு மூச்சு முட்டிற்று. கட்டிலில் எழுந்திருந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் ஏறியிறங்க அவன் காற்றுக்குத் தவித்தான். கையிலிருந்த உறிஞ்சு மருந்து போதவில்லை. மழையில் முச்சக்கரவண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்கள். ஆவியாக மருந்து செலுத்தியபின் விடியும் வேளையில் மூச்சு சீராயிற்று. “அறையிலே புகைப்பவர் யார்?” என்று வைத்தியர் வினவினார். ஒருவருமில்லை என்று மூத்தவன் கூறினான். வைத்தியர் இளையவனின் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “அப்படியானால் அறையே புகைக்கிறது” என்றார்.

அதன்பின்னரே மூத்தவன் அந்த மணத்தோடு போரிடத் தொடங்கினான். முதலில் அம்மையார் தந்த சாம்பிராணியைப் போட்டான். ஒரு புகையை மறைக்க இன்னொரு புகை. இளையவன் வெளியே ஓடிவிட்டான். கரித்துண்டுகளைத் தட்டில் வைத்தான். தேசிக்காயை வெட்டி மூலைகளில் வைத்தான். இவையெல்லாம் ஓரிரு நாள் ஆறுதல் தந்தனவேயன்றி மணத்தைத் தொடவில்லை. பின்னர் அம்மையாரிடம் அநுமதி பெற்று, சுவர் முழுவதும் சுண்ணாம்பு பூசினான். வெள்ளைச் சுவரைக் கண்டு மகிழ்ந்த அன்றிரவு மணம் முன்னையிலும் மிஞ்சிற்று. நாலைந்து நாளில் வெள்ளைக்கு மேலே தேநீர்க்கறை போன்ற மஞ்சட் புள்ளிகள் ஊறிவந்தன.

விஞ்ஞானபீடத்தில் இரசாயனம் பயிலும் நண்பனொருவன் வந்து சுவரைப் பார்த்துச் சிரித்தான். “மச்சான், உன்ரை அம்மம்மா வெத்திலைக்குச் சுண்ணாம்பு ஏன் தடவிறவ?” என்று கேட்டான். மூத்தவன் விழித்தான். நண்பன் விளக்கினான். புகையிலையின் நிக்கொட்டின் அமிலத்தைச் சேர்ந்தால் உப்பாக மாறி நீரிற் கரையும். காரத்தைச் சேர்ந்தால் விடுபட்டு எளிதில் ஆவியாகும். வாயில் அதக்கிய புகையிலையின் காரத்தைச் சுண்ணாம்பு விடுவித்து உடலில் விரைந்து சேர்ப்பதுபோலவே, சுவரிற் பூசிய சுண்ணாம்பும் அங்கே படிந்திருந்ததை அறைக்குள் விடுவித்திருக்கும் என்பது அவன் கருத்து. அம்மம்மாவின் பாக்குவெட்டித் தட்டத்தில் இருந்த இரசாயனம், பட்டதாரியாகப் போகும் பேரனுக்குத் தெரியாதிருந்தது.

நண்பன் மேலும் பல செய்திகளைச் சொன்னான். ஊதிவிடும் புகை முழுவதும் யன்னல்வழி போய்விடுவதில்லை. அதில் ஒரு பகுதி சுவரிலும் துணியிலும் மரத்திலும் தூசியிலும் படிந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றிற் கலக்கிறது. ஈரப்பதன் கூடும்போது மணமும் கூடுகிறது. புகைப்பவர் உள்ளிழுப்பது முதல்நிலைப் புகை, அருகிலிருப்பவர் சுவாசிப்பது இரண்டாம்நிலைப் புகை என்றால், இவ்வாறு எஞ்சியிருப்பது மூன்றாம்நிலைப் புகை. 2009 ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ ஆய்விதழொன்றில் வெளிவந்த கட்டுரையின் பின்னர் அப்பெயர் பரவலாயிற்று. படிந்த நிக்கொட்டின், காற்றிலுள்ள நைத்திரசு அமிலத்தோடு தாக்கமுற்றுப் புற்றுநோயை விளைவிக்கவல்ல பொருள்களாக மாறக்கூடும் என்று கலிபோர்ணியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தினர் 2010 இல் காட்டினர். சான் டியாகோவில் நிகழ்ந்து 2011 இல் வெளிவந்த ஆய்வொன்று இவ்வறைக்கே எழுதப்பட்டது போன்றது. புகைப்போர் விட்டுச்சென்று, ஏறத்தாழ இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்து, துப்புரவாக்கவும்பட்ட வீடுகளிற் குடியேறிய புகையாதோரின் விரல்களிலே நிக்கொட்டின் காணப்பட்டதாம்.

செய்யவேண்டியது தெளிவாயிற்று. மறைப்பதன்று, அகற்றுவதே வழி. தும்பு மெத்தையையும் இலவம்பஞ்சுத் தலையணைகளையும் கழுவிப் பயனில்லை, அவற்றை வெளியேற்றினார்கள். திரைகளைக் கழற்றினார்கள். மின்குமிழ், விசிறியின் அலகுகள், யன்னற் சட்டம், கதவின் மேல்விளிம்பு என்று எவரும் கைவைக்காத இடங்களையெல்லாம் துடைத்தார்கள். பூசிய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தார்கள். பின்பு சவர்க்கார நீராலும், வினாகிரி கலந்த நீராலும், ஈற்றில் வெறும் நீராலும் சுவரைக் கழுவினார்கள். கறை வழிந்து கழுவிய சுவரில் விழாதிருக்கக் கூரையிலிருந்து தொடங்கவேண்டும் என்பதையும், வாளி நீரை அடிக்கடி மாற்றாவிடின் ஒரு சுவரின் அழுக்கு மறுசுவருக்குப் போகும் என்பதையும் அநுபவம் கற்பித்தது. முதல் வாளியின் நீர் கடுந்தேநீர் நிறமாயிருந்தது. மூன்றாண்டு ஒரு மனிதரின் நெஞ்சுக்குள்ளும் அந்நிறமே படிந்திருக்கும் என்ற நினைவு மூத்தவனுக்கு எழுந்தது. அதுவரை அவர்மீது கொண்டிருந்த சினம் சற்றே தணிந்தது.

முகத்தைத் துணியாற் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற இளையவன் அப்போதுதான் வாய் திறந்தான்.

“அண்ணா, மாசி பங்குனியிலை என்னை மட்டும் ஏன் பெரியம்மா வீட்டிலை கொண்டுபோய் விட்டவை எண்டு நினைச்சனி?”

மூத்தவனின் கை நின்றது. தம்பி பெரியம்மாவின் செல்லப்பிள்ளை, அதனாற் போகிறான் என்றே அவன் எண்ணியிருந்தான். அம்மாதங்கள் புகையிலை வெட்டும் மாதங்கள். குடிலிற் புகை எழும் மாதங்கள். ஒரே கூரையின்கீழ் ஒரே மணத்தைச் சுவாசித்த இருவரில் ஒருவனுக்கு அது பெருமை, மற்றவனுக்கு அது மூச்சுமுட்டல். வீட்டுக்கார அம்மையாருக்கு மட்டுமன்று, தனக்கும் ஒரு மணம் மணக்காமற் போயிருந்தது என்பதை மூத்தவன் அன்று உணர்ந்தான்.

சுவர் நன்றாக உலர்ந்தபின், கறை ஊறாது தடுக்கும் எண்ணெய்வகை அடிப்பூச்சை முதலிற் பூசி, அதன்மேல் தீந்தை தீட்டினார்கள். தாமதித்து வந்த மகாபொலப் புலமைப்பரிசிற் பணம் அவ்வளவும் சுவரோடு போயிற்று. அம்மையார் ஒரு மாத வாடகையிற் பாதியைக் கழித்துக்கொண்டார். முன்னிருந்தவரிடம் எதுவும் கேட்க வழியில்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடைசெய்கிறது. வாடகை வீட்டின் அறைக்குள் அதற்கு வேலையில்லை. புகைத்தவர் சட்டப்படி குற்றமற்றவர். ஆயினும் அவர் பெற்ற இன்பத்தின் விலையில் ஒரு பங்கு, அவரை ஒருபோதும் கண்டிராத இருவரின் தலையில் விழுந்தது.

ஆவணியில் தந்தையார் பிள்ளைகளைப் பார்க்க வந்தார். ஒடியல்மாவும் பனாட்டும் கொண்டுவந்தார். இரவு உணவின்பின், பல நாளாக நெஞ்சில் வைத்திருந்ததை மூத்தவன் கேட்டான்.

“ஐயா, எங்கடை காணியிலை வேறை ஒண்டும் செய்யேலாதே?”

தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“வெங்காயம் செய்து பாத்தனான். விலை விழுந்த வருஷம் கிணத்துக் கடன்கூடக் கட்டேலாமப் போச்சு. புகையிலைதான் உங்களை இஞ்சை மட்டும் கொண்டுவந்தது. அவனுக்கு ஒத்துவராதெண்டு எனக்குத் தெரியாதே, தம்பி? தெரிஞ்சுதான் செய்தனான்.”

இதற்கு மூத்தவனிடம் மறுமொழி இல்லை. கலைப்பீடத்தில் அவன் படித்த பொருளியலிலும் இதற்கு ஆயத்தமான விடை இருக்கவில்லை. மகனின் மூச்சையும் மகனின் படிப்பையும் ஒரே இலையில் வைத்து நிறுக்கவேண்டியிருந்த மனிதரைக் குறைகூறுதல் எளிது. அத்தராசைக் கையிற் பிடித்தல் எளிதன்று. தந்தையார் மடியிலிருந்து சுருட்டொன்றை எடுத்தார். புதுத் தீந்தைச் சுவரை ஒருமுறை பார்த்தார். எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, தூறலில் இறங்கித் தெருவுக்குப் போனார். கட்டிலிற் படித்துக்கொண்டிருந்த இளையவன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். பின்னர் மீண்டும் புத்தகத்துக்குத் திரும்பினான்.

மணம் முற்றாக நீங்கிவிட்டது என்று கூறுவதற்கில்லை. அடைமழை நாட்களில் அலுமாரியின் உட்பலகையைத் திறந்தால் இன்னும் மெலிதாக வருகிறது. அந்த அலுமாரியில் இப்போது உடுப்பு வைப்பதில்லை. இளையவனுக்கு அதன்பின் இரவில் மூச்சு முட்டியது ஒரேயொரு முறைதான். மழை வலுக்கும் இரவுகளில் மூத்தவன் இடையில் விழித்துக்கொள்கிறான். ஓட்டில் விழும் மழையின் ஓசைக்கு அப்பால், பக்கத்துக் கட்டிலிலிருந்து வரும் மூச்சு சீராக இருக்கிறதா என்று சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, மறுபடி கண்ணயர்கிறான்.