முதுகு காட்டிப் போகும் படகு

கொடைக்கானல் ஏரியில் முதன்முறை துடுப்பு பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டுமே! வலக்கைத் துடுப்பை மட்டும் இழுத்தால் படகின் மூக்கு இடக்கைப் பக்கம் திரும்பும். கொஞ்ச நேரம் படகு வட்டமடிக்கும். பிறகு கைக்குப் பிடிபட்டுவிடும்.

துடுப்பின் பலகை மூழ்கினால் போதும். ஆழமாகக் குத்தினால் தோள்தான் வலிக்கும். காலை ஊன்றி முதுகைச் சாய்த்து இழுப்பவர்கள் சீக்கிரம் களைப்பதில்லை.

1863இல், மதுரை ஆட்சியராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் கரை கட்டி உருவாக்கிய ஏரி இது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். நட்சத்திரம்போல் கிளை விரிந்து கிடப்பதால், எங்கே போனாலும் கரை கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. புதியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்!

காற்று எழும் முன், காலையிலேயே இறங்குவது நல்லது. போகும்போது எதிர்க்காற்றில் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். படகில் எழுந்து நிற்க வேண்டாம். மிதவை அங்கியைக் கரையேறும்வரை கழற்றவே கூடாது, நீச்சல் தெரிந்தவர்களும்தான். மலைநீரின் குளிர் கை கால்களைச் சட்டென்று மரக்கச் செய்துவிடும்.