ஐந்தாமவன்

பந்தயத்தில் முதல்வனாய் வந்தவனைப் போற்றுதல் உலக வழக்கு. பரிசளிப்பு விழாவில் மேடை ஏறுபவனும் அவனே. ஆண்டு மலரிற் படம் பெறுபவனும் அவனே. ஐந்தாவதாய் வந்தவனை யார் நினைவர்? நாம் கல்லூரியில் ஓடிய நாளிற் பெரும்பாலும் அவ்விடத்தையே அலங்கரித்தோமாதலால், இவ்வினா எம்முள்ளத்தை நெடுங்காலம் உறுத்தியதுண்டு. தொழில் நிமித்தம் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திற் சிலகாலம் தங்க நேர்ந்தபோது, ஐந்தாமவனுக்கும் மதிப்புள்ள ஓட்டமொன்றைக் காணும் பேறு கிட்டியது.

அது அந்நாட்டுப் பல்கலைக்கழக ஆடவருக்கான தேசிய ‘குறொஸ் கன்றி’ ஓட்டம். 1938ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் நகரிலே தொடங்கி, 1964 வரை அவ்வூரிலேயே நடந்து, பின்னர் ஊர் ஊராய்ச் செல்லலாயிற்று. அன்று நான்கு மைல். இன்று 10 கிலோமீற்றர். செப்பமிட்ட ஓடுபாதை இதற்கில்லை. புல்லும் மேடும் பள்ளமும், மழை பெய்தாற் சேறுமே பாதை. ஆகவே நேரத்தை அளந்து ஊருக்கு ஊர் ஒப்பிடுதல் பயனற்றது. எவன் எவனை முந்தினான் என்பதே பேச்சு.

இதன் கணக்கு முறை எம்மைக் கவர்ந்தது. அணிக்கு எழுவர் ஓடுவர். அவருள் முன்வரும் ஐவரின் இடங்களைக் கூட்டிக் குறைந்த தொகை பெற்ற அணிக்கே வெற்றி. முதல் ஐந்திடங்களையும் ஓரணியே கொண்டால் 15. அத்தொகையை இவ்வோட்டத்தில் எவரும் எட்டியதில்லை. 1981இல் எல் பாசோவிலுள்ள ரெக்சஸ் பல்கலைக்கழகம் பெற்ற 17 அதற்கு மிக அணித்தானது. ஆறாமவனும் ஏழாமவனும் தம் அணிக்கு எண் சேர்ப்பதில்லை. ஆயினும் மாற்றணியின் ஐந்தாமவனை அவர்கள் முந்திவிட்டால் அவ்வணியின் தொகை ஏறும். என்னே நுட்பம்!

தனியொருவனின் பேராற்றல் இங்கு போதாது. கென்யா நாட்டு ஹென்றி றோனோ, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஓடி 1976, 1977, 1979 ஆகிய மூன்றாண்டுகளிலும் முதல்வனாய் வந்தார். 1978இல் 81 நாள்களுள் நான்கு உலக சாதனைகளை நாட்டிய வீரர் அவர். எனினும் அம்மூன்றாண்டுகளில் ஒன்றிலேனும் அவரது அணி வாகை சூடவில்லை.

நாம் கண்டது 2022 நவம்பர் 19இல் ஸ்டில்வாட்டர் நகரில் நிகழ்ந்த ஓட்டம். ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தார் தம் சொந்த மண்ணில் ஓடினர். அவரை எதிர்த்து நின்றது நோதேண் அரிசோனாப் பல்கலைக்கழகம். முன்னணியினர் மான்கள்போற் கடந்து போயினர். கூட்டமோ அவரைவிட்டுப் பின்னால் திரளாய் வந்தவருள் தம் நிறச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தது. மேட்டில் மூச்சிரைத்து ஏறியவொருவனுக்கு, அவன் எத்தனையாமிடத்தில் வருகிறான் என்று ஒரு முதியவர் தொண்டை கிழியக் கூவினார். எமக்கு அப்படிக் கூவ ஆளிருந்ததில்லை!

முடிவில் இரண்டணிக்கும் 83. இத்தகைய சமநிலையில் முதல்வனை முதல்வனோடும், இரண்டாமவனை இரண்டாமவனோடும், இவ்வாறே ஐவரையும் இணையிணையாய் ஒப்பிடுவர். ஐந்தில் மூன்று இணைகளில் நோதேண் அரிசோனா முந்தியதால் வெற்றி அவர்க்காயிற்று. விதி விதியே. ஆனால் 1942இல் இந்தியானாவும் பென்சில்வேனியா ஸ்டேட்டும் சமநிலை எய்தியபோது பட்டத்தை இரண்டுக்கும் பகிர்ந்தளித்தனர். அப்பழைய முறையே எம் மனத்துக்கு உகந்தது. ஐவரின் உழைப்பும் ஒத்த எண்ணாய் நின்றபின் மேலும் துருவிப் பார்ப்பானேன்?

மறு ஆண்டு, வேர்ஜீனியா மாநிலத்து ஷார்லட்ஸ்வில்லில், ஒக்லஹோமா ஸ்டேட் 49 புள்ளிகளோடு பட்டம் வென்றது. அதற்குள் நாம் ஊர் திரும்பியிருந்தோம். செய்தி கிடைத்ததும், அவ்வணியின் ஐந்தாமவன் எத்தனையாமிடத்தில் வந்தான் என்பதைத்தான் முதலிற் தேடினோம்.